கை வைக்காத இன்ஜின்

இடதுபக்கக் கதவை மேலே தூக்கி, முட்டியால் ஒரு தட்டு தட்டினால்தான் திறக்கும் என்று ராஜமாணிக்கம் செய்தே காட்டினார்.

வாங்க வந்திருந்த தமிழ்மணி சந்தோஷமாகத் தலையாட்டினான்.

அவனுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண போட்டோ ஸ்டூடியோ. மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரவைத்துப் படம் எடுக்க, பழைய இங்கிலீஷ் படத்தில் வருகிற மாதிரி கூரையில்லாத சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமாம். அசலுக்குக் கோடிக்கணக்கில் ஆகும். அச்சு அசலாக அதே மாதிரி செய்த வண்டி ஒன்று சிதம்பரம் மாலைகட்டித் தெருவில் விலைக்கு வருகிறது என்று போனில் பார்த்தவன், வண்டி விஷயம் தெரிந்த பழனிவேல் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

விளம்பரம் போட்டது ராஜமாணிக்கம் இல்லை. அவர் சம்சாரம் பட்டம்மாள்.

பாலிடெக்னிக்கில் ஒர்க் ஷாப் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர், எட்டு வருஷமாகப் போர்ட்டிகோவிலேயே உட்கார்ந்து கட்டின வண்டி அது. அதே இடத்தில் ரெண்டு தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கவேண்டும் என்பது பட்டம்மாளின் ஆசை. அதற்கும் எட்டு வயசு. வண்டியா மிஷினா என்று போன மாசம் கேட்டேவிட்டாள். கேட்டதில் நியாயம் இருந்ததால் மனுஷன் சரியென்று தலையாட்டிவிட்டார்.

விற்கமாட்டேன் என்றுதான் சொல்லக்கூடாது. வாங்க வருகிறவனை ஓடவைக்கலாம் இல்லையா? அதற்குப் பொய்கூடத் தேவைப்படவில்லை. உண்மையே தாராளமாகப் போதும். இதுவரை மூன்று பேர் ஓடியிருந்தார்கள்.

தமிழ்மணிக்கும் அதே பாடம்தான். இந்த மாதிரி வண்டி வாங்குகிறவன் முதலில் ஆர்.சி. புக்கைப் பார்க்கணும் தம்பி என்று ஆரம்பித்தார். நான் கையால் கட்டினது, ஆனால் புக்கில் மாருதி 800, எஃப்.சி.க்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள் என்றார். பெயின்டைப் பார்த்து மயங்கக்கூடாது, அடியில் படுத்து சேஸைப் பார்க்கணும், இதில் ரெண்டு இடத்தில் வெல்டிங் என்றார். பிரேக் பிடித்தால் இடதுபக்கம் இழுக்கும். பாடி ஃபைபர், தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிப் படகு செய்கிறவர் போட்டுக் கொடுத்தது. கூரையில்லாததால் மழையில் உள்ளே தண்ணீர் வரும். படகுக்காரர் வேலை என்பதால் வந்த தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாது.

பழனிவேல் மாமா அடியில் படுத்துப் பார்த்தார். எல்லாம் சொன்னபடியே இருந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"முப்பது வருஷமா வண்டி வாங்கிக் குடுக்கறேன் மாப்ள. கொறைய அவுங்களே சொல்ற பார்ட்டிய இன்னிக்குதான் பாக்கறேன். கண்ண மூடிக்கிட்டு எடு."

தமிழ்மணி அட்வான்ஸ் எடுக்கப் பைக்குள் கையை விட்டான்.

உண்மையே வண்டியை விற்றுவிடும் போலிருந்ததால், வேறு வழியில்லாமல் ராஜமாணிக்கம் பொய்யில் இறங்கினார். வண்டி புரோக்கர்கள் பேசிக் கேட்டதில் ஞாபகம் வந்ததையெல்லாம் சொன்னார். கை வைக்காத இன்ஜின் என்றார். அஞ்சு பைசா செலவு வைக்காது, சாவியைப் போட்டு அப்படியே சென்னைக்கு ஓட்டலாம் என்றார். காலையில்கூட இன்னொரு பார்ட்டி கேட்டார்கள் என்றார். பாவம், பழக்கமில்லாத வேலை. குரல் நடுங்கியது, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

தமிழ்மணியின் கை பைக்குள்ளேயே நின்றது. மாமாவின் முகம் மாறியது.

புருஷன் பேச்சில் சந்தேகம் வந்தால் வீட்டம்மாவைக் கேட்பது பழனிவேல் மாமாவின் வழக்கம். இதுவரை எந்த வீட்டம்மாவும் அவரை ஏமாற்றியதில்லை. காபி கொண்டுவந்த பட்டம்மாளிடம் திரும்பி, வண்டி எப்படிம்மா, நீங்க சொல்லுங்க என்றார்.

அவளுக்குத் தெரியாதா? எட்டு வருஷமாகத் தெருவுக்கே கேட்கிற மாதிரி அந்த வண்டியைத் திட்டியவள். அதில் கால்வாசியைச் சொன்னால்கூடப் போதும், மாமாவுக்குச் சந்தேகம் தீர்ந்துவிடும், சாயங்காலமே போர்ட்டிகோ காலி. ராஜமாணிக்கம் அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டம்மாள் காபியைக் கொடுத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வியர்த்துப்போய் நின்ற புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டாக்டர் ஒருத்தரு ஓட்டிக்கிட்டிருந்த வண்டிங்க. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டுந்தான் எடுப்பாரு."

தமிழ்மணி பையின் ஜிப்பை இழுத்து மூடினான். வீட்டில் கலந்து பேசிவிட்டுப் போன் பண்ணுவதாகச் சொன்னான்.

அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகும் ராஜமாணிக்கம் டயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.