நின்றே வெட்டிய கிராப்பு

“உலகம் உண்டான நாள்லேர்ந்து உட்கார்ந்துக்கிட்டு முடி வெட்டின மனுஷன் ஒருத்தன்கூடக் கிடையாது. உட்கார வேண்டியது கஸ்டமர். நிக்க வேண்டியது கலைஞன். இது இயற்கையோட சட்டம்!”

சலூன் மாஸ்டர் இதைச் சொன்னது, கடை நடுவே புதிதாக வந்து நின்ற சக்கர ஸ்டூலைப் பார்த்து. ஸ்டூல் பதில் சொல்லவில்லை.

“மாமா, அது தெரபிஸ்ட் மேடம் அனுப்பினது” என்றான் கடை முதலாளி. மாஸ்டரின் மனைவிக்குத் தம்பி. “இன்னிக்கு நேர்லயே வந்து நீங்க வேலை செய்யறதைப் பார்க்கப் போறாங்க. அவங்க சரின்னாத்தான் கத்தரி உங்க கையில. இல்லேன்னா கல்லாதான். அக்கா உத்தரவு.”

“கல்லாவா? அதுக்கு எனக்கே ஒரு மொட்டையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிடு மச்சான்.”

மாஸ்டருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே பழுதாகி, மூளை போடும் உத்தரவு கால்வரை ஒழுங்காகப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் இடது கால் அதைப் பரிசீலனையில் வைத்துக்கொள்ளும். பல மாதம் பிசியோதெரபியில் சுவரைப் பிடித்தும், பிறகு பிடிக்காமலும் நிற்கப் பழகி, இப்போதுதான் கடைக்குத் திரும்பியிருக்கிறார்.

நோயோடும் வேலையைப் பத்திரமாகச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்தார். சின்னப் பெண். “மாஸ்டர், நான் எதுக்கு வந்திருக்கேன்னா...”

“தெரியும்மா. பேச்செதுக்கு? பாருங்க!”

நாற்காலியில் இருந்த பேங்க் கிளார்க்கின் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, வேலையை ஆரம்பித்துவிட்டார்.

பாதி வெட்டில் கிளார்க் கண்ணாடியைப் பார்த்து மிரண்டார். “மாஸ்டர், உங்க கால் நடுங்குதே!”

“நடுங்கறது காலு. கத்தரி நடுங்குதா பாரு.”

கிளார்க் பார்த்தார். நடுங்கவில்லை. இருந்தாலும் காதுகளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ள முடியுமா என்று முயன்றார்.

மைத்துனன் ஸ்டூலை நைசாக மாஸ்டர் பக்கம் தள்ளினான். மாஸ்டர் அதே நைசோடு திருப்பித் தள்ளினார். தள்ளியது இடது கால் என்பதால் ஸ்டூல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

“மாஸ்டர், ஒரு நிமிஷம், நான் சொல்ல வந்தது...”

“இதோ முடிஞ்சிருச்சும்மா!”

முடிந்தது. மாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவில்லை, சும்மா கை வைத்திருக்கிறேன் என்பதுபோல் ஒரு தோரணையில் சாய்ந்து நின்றார்.

“எப்படி? ஒரு தடவைகூட உட்காரலை!”

“அதுதான் மாஸ்டர் பிரச்சினையே. நீங்க நிப்பீங்கன்னு பிசியோதெரபிஸ்ட் ஏற்கெனவே சொல்லிட்டார். கால் தளர்றதுக்கு முன்னாடி நீங்களா உட்காருவீங்களான்னு பார்க்கத்தான் நான் வந்தேன்.”

கிளார்க் சில்லறைகூட வாங்காமல் நழுவினார்.

“இன்னொரு கிராப்பு பார்த்துட்டுப் போறேன்” என்றார் தெரபிஸ்ட்.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். அடுத்த ஆளை அழைத்துத் துணி கட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல், பாதி வழியில் நின்ற ஸ்டூலைக் காலால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சீப்பை எடுத்தபடி மைத்துனனிடம் எரிந்து விழுந்தார்:

“கண்ணாடி ரொம்ப உசரத்துல இருக்கு மச்சான். இறக்கி மாட்டுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?”