ட்ரெவின்ஹாம் கம்பெனிக்கு ஒரு வரவேற்பு மடல்

“நூத்தம்பது வருஷ வக்கீல் கம்பெனியாக்கும் மக்கா! முப்பத்திநாலு நாட்டுல ஆபீஸ் உண்டு. நீ நெய்யாற்றின்கரை கோர்ட்டுல மூணு வருஷமா என்னத்தக் கிழிச்சிட்ட?”

சபைச் செயலாளர் ராஜதாஸ் இப்படிக் கேட்டதும் வக்கீல் ரெஷ்மாவுக்குச் சுருக்கென்றது. வெள்ளறடை மலையில் பாதியைத் தின்று முடித்த குவாரிக்காரர்கள், லாரி போக வழி வேண்டும் என்று சபையின் கல்லறைத் தோட்டத்தின் மேல் கண் வைத்து, அது தங்களுக்கே சொந்தம் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கடைசி விசாரணை. அவளுடைய அப்பாவைப் போன வருஷம் அடக்கம் செய்ததும் அந்தத் தோட்டத்தில்தான்.

“மாமா, அவிய எதுக்கு வாறாவன்னு அந்தக் கம்பெனி கடிதத்துல உண்டா?”

“‘எங்கள் பங்குதாரர் சனிக்கிழமை நேரில் வருவார்’னு போட்டிருக்கு. நம்ம கேஸை எடுக்காம, சும்மா கப்பக்கிழங்கும் மீனும் தின்னவா ஏரோப்பிளேன் ஏறி வருவான்?”

அந்த லண்டன் வக்கீல் கம்பெனியைத் தொடங்கியவர், இந்த ஊரில் ஊழியம் செய்து, ஊராரால் ‘ஐயர்’ என்று அழைக்கப்பட்ட வெள்ளைக்கார மிஷனரி ட்ரெவின்ஹாமின் மகன். இணையத்தில் இதைக் கண்டுபிடித்த நாள்முதல் ராஜதாஸுக்குக் கால் தரையில் படவில்லை. சபையின் வழக்குக் கட்டை ஒருநாளும் பிரித்துப் பார்க்காத மனுஷன், கம்பெனியின் வரலாற்றை மட்டும் தலைகீழாக ஒப்பிப்பார். கம்பெனித் தலைவர்கள் பத்துப் பேரின் பெயரும் அவருக்கு மனப்பாடம். சபையின் பழைய போதகர்களில் இரண்டு பேரைச் சொல்லச் சொன்னால் விழிப்பார்.

“ஐயரு பேரையே வரவேற்புல எடுக்காண்டாம் மாமா. கேஸுக்கு நல்லதில்ல.”

“உனக்குப் பொறாமையாக்கும்.”

சனிக்கிழமை காலையில் சபைக் கோவில் வாசலில் கார் வந்து நின்றது. சிங்கப்பூர் ஆபீஸின் பங்குதாரர் விபின் இறங்கினார். அவருடைய அப்பா பக்கத்துக் காட்டாக்கடைக்காரர் என்பதால் நம்ம ஊர்ப் பேச்சு நன்றாகவே வந்தது.

“செக்ரட்டரி சார், முதல்ல ஒரு நல்ல காரியம் சொல்லணும்...”

“எல்லாம் பொறவு சாரே! பொன்னாடை போடாம பேச விடப்பிடாது.”

பொன்னாடை போட்டார்கள். பாடகர் குழு நான்கு சரணமும் விடாமல் பாடியது.

“சார், நான் யாருக்காக வந்திருக்கேன்னா...”

“தெரியும் சாரே, கர்த்தருக்காக!” என்று அவரை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்துவிட்டு, ராஜதாஸ் கண்ணாடிச் சட்டமிட்ட வரவேற்பு மடலை எடுத்து வாசித்தார்.

“ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தில் விதைத்த கடுகுவிதையே! மூவாயிரம் வக்கீல்கள் கூடுகட்டிய பெருமரமே!”

பாராட்டுக்கு அளவே இல்லை. ஒன்பதாம் தலைவர் ஒரே நாளில் ஆயிரம் பேரை வேலையைவிட்டு அனுப்பியதைக்கூட, ‘களை பிடுங்கிய கரமே’ என்று எழுதியிருந்தார். விபின் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கள் கல்லறைத் தோட்டம் உங்கள் ஸ்தாபகரின் தகப்பனாருக்குச் சொந்தமான மண். இன்றும் அது ஐயர் குடும்பத்தின் சொத்தே! நாங்கள் வெறும் காவல்காரர்!”

ரெஷ்மா எழுந்தே விட்டாள். “மாமா, அதை நிறுத்துங்க! அது நம்ம மண்ணுன்னுதானே கோர்ட்டுல வாதாடிட்டு இருக்கேன்!”

“இரி மக்கா. மரியாதைக்கு எழுதுறதுதான். விருந்துக்கு வந்தவன்கிட்ட ‘உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க’ன்னு சொன்னா, வீட்டைப் பத்திரம் எழுதியா குடுக்கோம்?”

சபையார் கை தட்டினார்கள். கமிட்டிக்காரர்கள் பதினொரு பேரும் கையெழுத்திட்டு, சபை முத்திரையும் குத்தியிருந்த மடல் விபின் கைக்குப் போனது. அவர் அதை ஒருமுறை படித்தார். பிறகு, நிதானமாக இன்னொரு முறை படித்தார்.

“இதை நான் கொண்டுபோகலாமா?”

“உங்களுக்கு உள்ளதுதானே சாரே!” ராஜதாஸ் ரெஷ்மாவை இளக்காரமாகப் பார்த்தார். “திங்கக்கிழமை கோர்ட்டுக்கு சார் வருவீங்க இல்லியா? இந்தப் பிள்ளை இனி வீட்டுல இருக்கட்டும்.”

ரெஷ்மா விபின் பக்கம் திரும்பினாள். “சார், நீங்க யாருக்காக வாறீங்க?”

இந்த முறை குறுக்கே பேச யாரும் இல்லை.

“குவாரிக் கம்பெனிக்காக. ஐயரோட வாரிசுங்ககிட்ட இருந்து இந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கினது அவங்கதான்” என்ற விபின், மடலைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். “இது அந்தக் குடும்பத்துச் சொத்துன்னு காட்ட இதுவரைக்கும் எங்ககிட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்ல. அதனால கேஸை வாபஸ் வாங்குறோம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன், செக்ரட்டரி சார்.”