குப்பன் போட்ட தடை

"பொம்பள கால் பட்டா படகு வெளங்காது. ஒன் அத்த வரமாட்டா. பேச்ச வுடு."

சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே குப்பன் தீர்ப்பு சொல்லிவிட்டார். மருமகள் அன்புசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தட்டாஞ்சாவடியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் நாளைக்குத் தீவுக்குப் போகிறார்கள். ஆற்று முகத்துவாரத்துக்கு அந்தாண்டை இருக்கிற மணல் தீவுதான். காலையில் ஃபெர்ரிப் படகில் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்றதும், கட்டின புருஷனைக்கூட விட்டுவிட்டு மாமியார் முத்தம்மாள் பெயரைத்தான் கொடுத்திருந்தாள்.

பின்னே? கடலோரக் குருசுக்குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, காலமெல்லாம் மீன் விற்கிற முத்தம்மாள் இதுவரை ஒரு படகில்கூட ஏறியதில்லை. மீன் பிடிக்கிற படகில் பெண்கள் ஏறக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். குப்பன் ஒரு படி மேலே போய், சுற்றுலாப் படகுக்கும் சேர்த்தே தடை போட்டு வைத்திருந்தார்.

"மாமா, அது மீன் புடிக்கிற போட்டு இல்ல. அதுல மீனே மாட்ட வேணாம். சனங்க ஏறினா போதும்."

"கச்சான் காத்து அடிக்குது, போட்டு ஆட்டம் காணும்."

"ஆத்துல இன்னா மாமா கச்சான்?"

"அந்த ஆரஞ்சு கலர் லைப் ஜாக்கெட்ட மாட்டி வுடுவானுங்க. கடலுக்குப் போறவன் பொண்டாட்டி அதப் போட்டுக்கினு ஒக்காந்தா ஊரு சிரிக்காது?"

கேட்டீர்களா நியாயத்தை. இவர் மட்டும் நடுக்கடல் வரைக்கும் போய் வருவாராம், பெண்டாட்டி முட்டியளவு தண்ணீரைத் தாண்டக்கூடாதாம்.

"பாத்தியாம்மா?" முத்தம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "இந்த மனுசன் வுட்டிருந்தா நானு சிலோனுக்கே போய் வந்திருப்பேன். எனக்குக் குடுத்து வெக்கல."

மார்க்கெட்டிலும் அவள் இதே பாட்டைத்தான் பாடுவாள். பேரம் பேச வந்தவர்களையே அதட்டி அனுப்புகிற முத்தம்மாளை இப்படி அடக்கி வைத்திருக்கிறாரே என்று, அங்கே மீன் விற்கிற பெண்கள் குப்பனுக்கு வைக்காத பெயர் இல்லை.

அன்புசெல்வி விடுவதாயில்லை. வாசலுக்கு வந்து குரலை உயர்த்தினாள். பக்கத்து வீட்டு மாலா வந்தாள், எதிர்வீட்டு ஆயம்மா வந்தாள். வந்தவர்கள் குப்பனை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன் மாமா, அத்தைய இன்னா அடிமைக்கா வாங்கினு வந்தீங்க?" என்று மாலா நேராகவே கேட்டுவிட்டாள்.

குப்பன் பெண்டாட்டியை ஒரு தரம் பார்த்தார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, போய்த் தொலைங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அன்புசெல்விக்குத் தலைகால் புரியவில்லை. என்னவோ மாதர்குலத்துக்கே விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு பூரிப்பு. உடனே கம்பெனி வாட்ஸப் குரூப்பில் "எங்க அத்தை வராங்க" என்று போட்டாள்.

நாளைய கட்டுச்சோற்றுக்குப் புளி ஊறப்போட அடுப்படிக்குள் நுழைந்தவள், கொல்லையில் முத்தம்மாளின் குரலைக் கேட்டு நின்றாள். மார்க்கெட்டையே நடுங்க வைக்கிற அந்தக் குரல் அழுதுகொண்டிருந்தது.

"யோவ், இன்னாயா ஒத்துக்கினே? தண்ணியப் பாத்தாலே எனக்குக் கை காலு ஒதறுதுன்னு ஒனக்குத் தெரியாதா? நாளைக்கு அத்தினி பேரு எதிர்ல நான் அலறினேன்னா, மார்க்கெட்டுல எவ மதிப்பா என்னை?"

"தெருவே சேந்துக்கிச்சு, நான் இன்னா பண்ண?" குப்பன் குரலைத் தணித்துச் சொன்னார். "அழுவாத. காலைல பல்லு வெளக்கினதும் மறுபடி போவக்கூடாதுன்னு கத்த ஆரம்பிக்கிறேன். நீ எப்பவும் போல என்னை நாலு வார்த்த திட்டு, தெருவுக்கே கேக்கறாப்ல."