சிமெண்டுத் தலை

பிடரியில் பிடித்த வலி காதுக்குப் பின்னால் வரை ஏறியிருந்தது. அவளால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

ஷாம்புச் சரங்கள் தலைக்கு மேலே தொங்கின.

பச்சை. நீலம். கறுப்பு. ரோஸ்.

ஒவ்வொன்றிலும் ஒருத்தி முடியைச் சிலுப்பிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, மாப்பிள்ளையா பாக்கிய? ஏதாவது ஒண்ண எடுங்க," என்றான் கடைக்காரன் செல்வின்.

அவள் தலைத்துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"தலைக்குத் தக்கபடி குடு தம்பி."

"எண்ணெத் தலையா, காஞ்ச தலையா?"

அவளுக்குத் தெரியவில்லை. உச்சியில் நீர் கசிகிறது. அதற்குக் கீழே தேங்காய் நார்.

"சிமெண்டுத் தலை."

செல்வின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

போன வாரம் சிமெண்டு மூட்டை உடைக்கிற வேலை. சாயங்காலம் தலையெல்லாம் தூள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள் என்ற அவசரத்தில் தொட்டித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

சித்தாள் வேலைக்கு வந்த அன்றைக்கே சொல்லித் தருவார்கள். முதலில் உதறு. பிறகு எண்ணெய் தேய்த்துச் சீவு. கடைசியில்தான் தண்ணீர்.

இத்தனை வருடம் செய்தவள் அன்றைக்குச் செய்யவில்லை.

முடி பூச்சு மாதிரி இறுகிவிட்டது. துணி சோப்பைப் போட்டு அரக்கித் தேய்த்தாள். சீப்பை இழுத்தாள்.

சீப்போடு கொத்தாக வந்தது. வேரில் தோல் ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து உதிர்வது நிற்கவில்லை. தலையணையில், தட்டில், ஈரத் துணியில்.

மற்றவளாயிருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பாள்.

இது அவள் முடி இல்லை. அம்மனுக்குச் சொன்ன முடி.

மகள் அனுசியா வாயில் நுரை தள்ளிக் கிடந்தபோது சொன்னது. பெரியாஸ்பத்திரி வராந்தாவில், கிழக்குத் திசை எதுவென்று கூடத் தெரியாமல் நின்று சொன்னது. பிள்ளைக்கு வலிப்பு நின்றால் என் தலைமுடியை முழுசாகத் தருகிறேன் தாயே.

நின்றது. மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆடியில் மொட்டை போடுகிறேன் என்றாள். ஆடி போயிற்று. தையில் என்றாள். தையும் போயிற்று.

மொட்டைத் தலையில் சும்மாடு நிற்காது. வழுக்கும். சாந்துச் சட்டி ஏறினால் முடிதான் மெத்தை. கொத்தனார் சங்கரபாண்டியிடம் ஒரு தரம் கேட்டும் பார்த்தாள்.

"தாராளமாப் போடு. முடி வளருத வரைக்கும் வீட்ல இரி," என்றார் அவர்.

வீட்டில் இருந்தால் உலை கொதிக்காது.

செல்வின் ஒரு சரத்தை இறக்கினான். "இது முடி கொட்டுததுக்கு."

திருப்பிப் பார்த்தாள்.

"எரியுமா?"

"புண்ணு இருக்கா?"

அவள் சரத்தைப் பலகைமேல் வைத்தாள்.

"புண்ணு இருந்தா இது வேண்டாம். பொடுகுக்கு உள்ளதும் வேண்டாம். தீயா எரியும். பச்சப்பிள்ளையளுக்குப் போடுதது இருக்கு, சாதுவா இருக்கும். எங்க, காட்டுங்க."

அவள் தெருவை ஒரு தரம் பார்த்தாள். துண்டை அவிழ்த்தாள். தலையைக் குனிந்தாள்.

துண்டோடு ஒரு கற்றை வந்தது. அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செல்வின் சிரிப்பு போய்விட்டது.

"ஏக்கா. இத வச்சிக்கிட்டா சட்டி சுமக்கிய?"

அவள் துண்டை மறுபடி கட்டப் போனாள்.

"ஷாம்பெல்லாம் எதுக்கு? பேசாம மொட்டயப் போடுங்க. எல்லாஞ் சரியாப் போவும்."

அவள் கை துண்டிலேயே நின்றது.

அவன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அம்மன் கோயில் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டான். அவன் வாயில் இது ஏன் வருகிறது? இன்றைக்கு ஏன் வருகிறது?

குனிந்த தலை நிமிரவில்லை. கண் மட்டும் பக்கவாட்டில் போயிற்று.

கூட வந்த அனுசியா கடைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் முறுக்கு. பாதி கடித்தது. வாய் அசையவில்லை. கண் தெருவில் எங்கோ குத்தி நின்றது.

"ஏட்டி."

திரும்பவில்லை.

"ஏட்டி, அனுசியா."

முறுக்கு விரலிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது.

அவள் பாய்ந்து போய்ப் பிள்ளையின் தோளைப் பிடித்தாள். தலைத்துண்டு தரையில் கிடந்தது.

அனுசியா கண்ணைச் சிமிட்டினாள். அம்மாவின் தலையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"கூப்பிட்டேன்லா. காதுல விழலையா?"

"நாயப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் தெருவைப் பார்த்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

வெயில் மட்டும் கிடந்தது.

"நாய் ஓடிப் போயிருக்கும்," என்றாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

செல்வின் சின்னப் பாட்டில் ஒன்றைப் பலகைமேல் வைத்தான். மூடியில் குழந்தைப் படம்.

"இத எடுக்கட்டாக்கா?"

அவள் பிள்ளையின் கையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தன. ஆடாமல்தான் இருந்தன.

நாளைக்கு மேல்தளம் போடுகிறார்கள். விடியுமுன்னே வரச் சொல்லியிருக்கிறார் சங்கரபாண்டி.

"எடு," என்றாள்.

அம்மனுக்கு இன்னும் ஒரு தலை முடி பாக்கி.