பதினோராம் நாள் வாசிப்பு

ஜூன் 16, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. கண் மருத்துவமனை, இரண்டாவது மாடி, ஏழாம் எண் கட்டில்.

"டீச்சரம்மா, இன்னிக்குப் பாடம் கிடையாதா?"

கேட்டவர் புத்தக பைண்டர். இரண்டு கண்களிலும் கட்டு. வீட்டு முன்னறையில் இருக்கும் பட்டறையில், அட்டை வெட்டும் இயந்திரத்தைத் துடைக்கிற திரவம் முகத்தில் தெறித்துப் பதினோரு நாள் ஆகிறது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. பார்வை திரும்புமா என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து மணிக்குப் பிரிக்கிறார்கள்.

"அவசரப்படாதீங்க. கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்" என்றாள் மனைவி. கணக்கு டீச்சர். ஆம்புலன்ஸில் கூட வந்தவள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: அலமாரியில் இருக்கும் பிரார்த்தனைப் புத்தகம். தினம் ஒரு பக்கம் அவள் வாசிக்க வேண்டும்.

கடவுள் விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கணக்கு உதைக்கும்.

"நல்லவர், நல்லவர்ங்கறீங்களே, அந்த நல்லவர் அன்னிக்கு டப்பாவைச் சரியா மூடி வச்சிருக்கலாம்ல?"

"மூட மறந்தது நான். அதுக்கும் அவர் தலையையா உருட்டறே?"

"சரி, நிரூபணம் கேக்கல. வாசிக்கறேன்."

மடியில் புத்தகத்தை விரித்தாள்.

"ஆண்டவனே, வெளிச்சமும் உன்னுடையது, இருட்டும் உன்னுடையது. இவை உழைத்த கண்கள். நீ நல்லவன் என்று நம்ப எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரை கோபித்துக்கொள்ளாதே."

பைண்டர் அசந்துபோனார். "முப்பது வருஷமா வச்சிருக்கேன், இந்தப் பக்கம் என் கண்ணுல பட்டதே இல்லையே!"

"எங்கே படும்? ரெண்டாவது வரியிலேயே குறட்டை விடுவீங்க."

"எழுதின மகானுக்கே சந்தேகம் இருந்திருக்கு பாரேன். என்ன நேர்மை!"

"ஆமா. கொஞ்சம் விவரமான ஆள்தான்."

தட்டில் கத்தரியும் பஞ்சுமாக நர்ஸ் வந்தாள். "என்னக்கா புஸ்தகம் இது? அட்டையில பேரே காணோம்?"

"எல்லாம் இவர் கைவரிசைம்மா. எங்க வீட்ல எது கிடைச்சாலும் சிவப்புக் காலிகோ துணி போட்டு பைண்ட் பண்ணிடுவார். கல்யாண ஆல்பத்தைக்கூட விட்டு வைக்கல."

"நூறு வருஷம் உழைக்கும்ல!" என்றார் பைண்டர்.

டாக்டர் வந்தார். கத்தரி கண்கட்டில் பட்டதும் பைண்டரின் கை மனைவியின் கையைத் தேடிப் பிடித்தது.

"டீச்சரம்மா, பார்வை வரலைன்னாலும் அவர் நல்லவர்தான். நீ தினமும் வாசி. நான் கேட்டுக்கறேன்."



கடைசிச் சுற்றும் பிரிந்தது. பஞ்சை எடுத்தார்கள்.

"மெதுவா திறங்க. என்ன தெரியுது?"

"புகை மாதிரி... ஏதோ சதுரமா... ஜன்னலா அது?" பைண்டர் பலமுறை இமைத்தார். "டாக்டர், உங்க சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்ல."

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு அழறே? அந்தப் பக்கத்தைக் காட்டு. நானே ஒரு தடவை வாசிச்சுடறேன்."

"அப்புறம் வாசிக்கலாம். கண்ணுக்கு அலுப்பு" என்று அவள் சட்டென்று புத்தகத்தை மூடப் பார்த்தாள். அதற்குள் அவர், அவள் மடியிலிருந்து அதை உருவிக் கண்ணருகே கொண்டுபோனார்.

பக்கம் முழுவதும் எண்கள், வரிசை வரிசையாக. அவள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் லாக் டேபிள் புத்தகம்.

பிரார்த்தனைப் புத்தகம் பதினோரு நாளாக வீட்டு அலமாரியில்தான் இருந்தது.