ஓடைக்கு இந்தப் பக்கம்

“பூவனலிங்கம் என்னை பிளாக் பண்ணிட்டான்!”

செல்வகணேஷ் செல்போனைக் கட்டிலில் விட்டெறிந்தான்.

தோசை வார்த்துக்கொண்டிருந்த சுகுணா எட்டிப் பார்த்தாள். “யாரு, ஒங்க சேக்காளியா? இருக்காதுங்க.”

“பேஸ்புக்ல பேரைப் போட்டுத் தேடுதேன். அப்படி ஒரு ஆளே இல்லைங்குது.”

சுகுணா தன் போனில் தேடினாள். அதிலும் இல்லை. கோவில்பட்டியில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“அவன் போன்லயும் காணலையாம். இது பிளாக் இல்லைங்க. அண்ணாச்சி கணக்கையே மூடி வச்சிருக்காவ.”

“மூடுதவனா அவன்? காட்டைப் படம் எடுத்துப் போட்டு, நாலு பேரு லைக் போட்டாத்தான் அவனுக்குக் காலைக் காப்பியே உள்ள எறங்கும்!”

உண்மைதான். விடிந்ததும் தன் நிலத்தைப் படம் எடுத்துப் போடுவது பூவனலிங்கத்தின் வழக்கம். உழுத மண், வெடித்த பருத்தி, வரப்பில் உட்கார்ந்த மைனா, எதையும் விடமாட்டான்.

இருவருக்கும் பள்ளிக்கூடத்துப் பழக்கம். ஓடைக்கு அந்தப் பக்கம் பூவனலிங்கத்தின் காடு. இந்தப் பக்கம் செல்வகணேஷின் காடு. மழையை நம்பி இருவரும் புழுதியிலேயே உளுந்து விதைத்திருந்தார்கள்.

வந்த மழை ஓடையைத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் வெளுத்து வாங்கியது. இந்தப் பக்கம் தூறலோடு நின்றுவிட்டது. அங்கே உளுந்து இலை விட்டு நின்றது. இங்கே தூறலுக்கு ஏமாந்து முளைத்ததெல்லாம் கருகிப்போனது. இன்னொரு மழை பெய்தால்தான் மறுபடி விதைக்க முடியும்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சு ஏட்டி. கண்ணு பட்டுருமாம்.”

“யாரு கண்ணு?”

“வேற யாரு? காஞ்சு கெடக்கவன் கண்ணுதானே பொல்லாத கண்ணு! அவன் பச்சையை நான் பாத்துறக் கூடாது. அதுக்குத்தான் மூடியிருக்கான்.”

“நேர்ல போயி ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

“நானா? மழை பெஞ்சாலும் சரி, அவன் டிராக்டர் இனி என் காட்டுல எறங்காது. ஊர்ல வேற டிராக்டரே இல்லையா?”

“இருக்கு. ஆனா மழை பெஞ்சா எல்லாரும் ஒரே நாள்லதான் கேப்பாவ. நம்ம முறை வாரதுக்குள்ள ஈரம் காஞ்சு போயிரும். இந்தத் தடவையும் விதை போச்சுன்னா, நமக்கு வருசமே போச்சுங்க.”

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பூவனலிங்கம் கைகாட்டியபோது, செல்வகணேஷ் வராத பஸ்ஸைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

தீபாவளி கழிந்தது. ஒரு சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை பெய்த மழை ஓடையின் இரு கரைக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. வாசலில் நனைந்தபடியே சுகுணா கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலையில் கணவனும் மனைவியும் காட்டில் நின்றார்கள். கணுக்கால் வரை சேறு.

“ஏலே, கணேசா!”

ஓடையைத் தாண்டிப் பூவனலிங்கம் வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் செருப்பு, மறு கையில் பொட்டலம். காலுக்கு ஒரு கூடை கரிசல் மண் ஒட்டியிருந்தது.

“இந்தா, கடம்பூர்ப் போளி. மழை பெஞ்சிருக்கு, வாயில இனிப்பைப் போடு. மண்ணு உழுத பதத்துக்கு வந்ததும் டிராக்டர் முதல்ல இங்கனதான் எறங்குது. சொல்லிட்டேன்.”

“கூலிக்குக் கேட்டவங்க எல்லாம் காத்துக்கிட்டு இருப்பாங்களே” என்றாள் சுகுணா.

“இருக்கட்டும்.”

செல்வகணேஷ் போளியைத் தொடவில்லை. சுகுணாதான் வாங்கிக்கொண்டாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லு. சிரியேன்லே! மழை பெஞ்ச காட்டுல நின்னுக்கிட்டு மூஞ்சியப் பாரு!” பூவனலிங்கம் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டான்.

“எதுக்குப் படம்? ஒனக்குத்தான் பேஸ்புக்கே இல்லையே.”

“காலையிலதான் திறந்தேன்.”

“கண்ணு படாதா?”

பூவனலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தக் கண்ணு? போளியத் தின்னுலே” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

“பாத்தியா? பயிர் தேறிருச்சு, பயம் போயிருச்சு, திறந்துட்டான்” என்றான் செல்வகணேஷ்.

சுகுணா பொட்டலத்தை நீட்டினாள்.

“நீயே தின்னு.”

கொஞ்ச நேரத்தில் அவள் போனில் சத்தம் வந்தது. “என்னங்க, அண்ணாச்சி படம் போட்டிருக்காவ.”

“அவன் உளுந்துதானே?”

“இல்ல, நம்ம காடு. நடுவுல நீங்க உர்ருன்னு நிக்குதீங்க.”

படத்துக்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: ‘இத்தனை நாள் எங்க போனீங்க அண்ணாச்சி? உங்க காட்டுல முன்னாடியே நல்ல மழைன்னு சொன்னாங்களே, ஒரு படம்கூடக் காணோம்?’

அதற்குப் பூவனலிங்கம் எழுதியிருந்த பதிலை சுகுணா நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

“‘பாதிக் காட்டுலதான் பெஞ்சிருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் காஞ்சு கெடக்கும்போது அந்தப் பக்கத்துப் பச்சையை எப்படிப் போடுதது? திறந்து வச்சிருந்தா என் கை சும்மா இருக்காது. அதான் மூடி வச்சிருந்தேன். நேத்துதான் மிச்சக் காட்டுலயும் பெஞ்சது.’”

செல்வகணேஷ் போளிப் பொட்டலத்துக்குக் கை நீட்டினான்.