அக்கா வாங்கிக் கொடுத்த அடாப்டர்

"அதைக் கழட்டிப் போடுங்க மாமா! நானும் கேட்டுப் பார்த்தேன், பாட்டுல பேஸ் சத்தம் மொத்தமா படுத்துடுச்சு."

"போடா. இரைச்சல் போய்ப் பாட்டு எவ்வளவு சுத்தமா கேக்குது! இயர்போன்ல மாட்ட உங்கக்கா ஆசையா வாங்கிக் கொடுத்த அடாப்டர்."

"ஃபுல் வால்யூம்லயும் முணுமுணுங்குதே?"

"ரசனை கெட்டவனே!"

"ஏங்க, சிலிண்டர் தீர்ந்துடுச்சு!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இதோ வரேன்!" இயர்போனைக் கழற்றாமலே எழுந்த மாமா, வேறு சிலிண்டர் எடுக்கப் பின்பக்கம் போனார்.

மைத்துனன் அக்காவிடம் போனான். "இந்த இயர்போனுக்கு இது ஒத்து வராதுன்னு கடையில சொல்லலையாக்கா?"

"சொன்னாங்க. எவ்வளவு கூட்டினாலும் சத்தம் ஏறாதுன்னும் சொன்னாங்க. அதுக்குத்தான்டா வாங்கினேன். இத்தனை நாள் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைதான் வத்திப்போச்சு."

மாமா சிலிண்டரோடு வந்தார். "என்னடா ரகசியம்?"

தம்பி சிலிண்டரைக் கையில் வாங்கிக்கொண்டான்.

அவரிடம் சொல்லலாமா, வேண்டாமா? நீங்களே பதில் எழுதுங்கள்.